ஆறங்குலக் குழல் கொண்ட பழைய ரிவோல்வரை இலக்குச் சுடுபவர்கள் ஏன் கைவிடுவதில்லை?

பரந்தன்சந்தி (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய தாய்மாமன் நீண்ட காலமாகக் கனடாவில் வசிப்பவர். அங்குள்ள சுடுகழகம் ஒன்றில் உறுப்பினராக இருந்து வார இறுதிகளில் இலக்குச் சூட்டுக்குப் போய் வருகிறார். அண்மையில் ஊருக்கு வந்திருந்தபோது, தன்னிடம் இருக்கும் ரிவோல்வரின் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் ‘கே 38 மாஸ்டர்பீஸ்’ என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் 1957 இல் மொடல் 14 என்று இலக்கமிட்ட வகை அது. ஆறங்குலக் குழல், நீலம் பாய்ந்த கறுப்பு மெருகு, வால்நட் மரப் பிடி. குறிபார்ப்பதற்குப் பின்பக்கத்தில் இருக்கும் பின்குறியின் பக்கத்தில் உள்ள சின்னஞ்சிறு திருகாணியைப் பெருப்பித்துக் காட்டி, அதைப் பற்றி மட்டுமே கால் மணி நேரம் பேசினார். புதிய பிஸ்டல் வைத்திருக்கும் இளைஞர்கள்கூட அதை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்காக அவருடைய மேசைக்கு வருவார்களாம்.

எங்கள் பக்கத்தில் துவக்கு என்றால் பன்றிக்கும் யானைக்கும் வெடி வைப்பதற்காகக் கமக்காரர் வைத்திருக்கும் அனுமதிப்பத்திரச் சொட்கன், அதற்கும் முந்திய காலத்து இடியன், இவைதான். அவற்றை வைத்திருப்பவர்கள் அவற்றின் அழகைப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் அலைச்சலைத்தான் பேசுவார்கள். போர்க்காலத்து ஆயுதங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. மறுமொழி எழுதுபவர்களும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

என்னுடைய ஐயம் இதுதான். இந்த ரிவோல்வரின் அடிப்படை வடிவம் 1899 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டதாக வாசித்தேன். ஆறு ரவைகள் மட்டுமே கொள்ளும். திரும்ப நிரப்புவதற்கு நேரம் எடுக்கும். அப்படியிருக்க, இந்த நடுத்தர அளவு ரிவோல்வருக்கு இலக்கு விளையாட்டில் இன்றும் இருக்கும் மதிப்பு அதன் திறமையால் வந்ததா, பழைய பொருள் என்ற மயக்கத்தால் வந்ததா? மாமாவிடம் கேட்டால் “கையிலே பிடித்தால் தெரியும்” என்று முடித்துவிடுகிறார். கையில் பிடிக்க வழியில்லாத எனக்கு எழுத்தில் விளக்கக்கூடியவர்கள் விளக்குங்கள்.

மாங்குளத்தான் (ரொறன்ரோ) எழுதியது:

தம்பி, உங்கள் மாமாவின் பதில் சுருக்கமானது என்றாலும் பிழையானதல்ல. அளவிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த நிறுவனம் தன் ரிவோல்வர்களின் உடற்சட்டங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறியது ஜே, பெரிய ரவைகளுக்கான கனத்தது ‘என்’ (N), இரண்டுக்கும் நடுவில் நிற்பது கே. நீங்கள் சொன்ன 1899 இல் பிறந்தது இந்தக் கே சட்டம்தான். சராசரிக் கை உள்ள ஒருவர் பிடியை முழுமையாகப் பற்றிய பிறகும், பிடியைத் தளர்த்தாமலே சுட்டுவிரலின் முதல் அங்கம் விசையின் நடுவில் போய் அமரும்படியான அளவு இது. ஜே சட்டத்தில் சின்னவிரல் தொங்கும். ‘என்’ சட்டத்தில் விரல் எட்டாமல் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு நாளில் நூறு ரவைகள் சுடுபவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தோளும் மணிக்கட்டும் சொல்லிவிடும்.

அடுத்தது, அது தனியாக வந்த பொருளல்ல. 1931 இல் .22 ரவைக்கான கே 22 வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர்.22, .32, .38 ஆகிய மூன்று ரவைகளுக்கும் ஒரே சட்டத்தில், ஒரே ஆறங்குலக் குழலில், ஒரே வகைப் பின்குறியோடு மூன்று மாஸ்டர்பீஸ்களை வெளியிட்டார்கள். .38 இன் துளை அகலமானது என்பதால் அந்தக் குழலில் உலோகம் குறையும். அதை ஈடுசெய்யக் குழலின் முதுகில் ஓடும் வரம்பை.38 க்கு அகலமாகவும் .22 க்கு ஒடுக்கமாகவும் அமைத்து, ரவை நிரப்பிய நிலையில் இரண்டும் ஏறத்தாழ 1.1 கிலோ நிற்கும்படி செய்தார்கள். மலிவான .22 ரவையில் வாரம் முழுவதும் பழகிவிட்டு, போட்டி நாளில் .38 ஐத் தூக்கினால் கைக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்பதே நோக்கம். சுடுபவரின் பணப்பையையும் மணிக்கட்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்து வடிவமைத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

இனி ரவை. .38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கருமருந்துக் காலத்தில் உருவானது; அந்த மருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் மருந்தை அடைக்கும் அதன் கோது நீளமானது. புகையற்ற மருந்து வந்ததும் கோதின் பெரும்பகுதி வெறுமையாகிவிட்டது. இலக்குச் சுடுபவர்கள் அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூக்கே இல்லாத, தட்டையான ஈயச் சன்னத்தை, அதாவது குழலிலிருந்து பாய்ந்து போகும் குண்டை, கோதின் வாயோடு வாயாக உள்ளே இறக்கிவிடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் சன்னம் இருப்பதே தெரியாது. 148 கிரெய்ன், அதாவது 9.6 கிராம் எடை; மெதுவான வேகம்; உதைப்பு மிகக் குறைவு. கூர்மூக்குச் சன்னம் கடதாசியைக் கிழித்துக்கொண்டு போவதால் துளையின் விளிம்பு பிய்ந்து சுருங்கும். தட்டை மூக்கு முழு வட்டமாக வெட்டி எடுக்கிறது. சன்னம் புள்ளிக்கோட்டைத் தொட்டாலே கூடிய புள்ளி கிடைக்கும் விளையாட்டில், அந்தத் தெளிவான விளிம்பு பல வாக்குவாதங்களைத் தவிர்த்துவிடும்.

சுடுதளத்தில் நான் விரும்பும் இன்னொரு விடயம்: ரவைகள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரை வெளியே தள்ளி மேசையில் வைத்துவிட்டால், பத்து மீற்றர் தள்ளி நிற்கும் பொறுப்பாளருக்கும் ஆறு அறைகளும் வெறுமையாக இருப்பது தெரியும். கோதுகளும் பக்கத்து மேசைக்காரரின் கழுத்துக்குள் பறந்து போய் விழுவதில்லை. தண்டை அழுத்தினால் ஆறும் ஒன்றாகக் கையில் விழும்; .38 ஸ்பெஷல் குறைந்த அழுத்தத்தில் இயங்குவதால் அதே கோதைப் பலமுறை நிரப்பிச் சுடலாம்.

கனடாவில் ஆறங்குலக் குழல் கொண்டவற்றையே அதிகம் காண்பதற்கு நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 105 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவுமான குழல் கொண்ட கைத்துப்பாக்கிகள் 1990களிலிருந்து தடைசெய்யப்பட்ட வகுப்பில் அடங்கும். நான்கங்குலக் குழல் 102 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே இதே ரிவோல்வரின் நான்கங்குலத் தம்பியான மொடல் 15 அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

லேத்பட்டறை (வவுனியா) எழுதியது:

மாங்குளத்தார் சுடுபவரின் பக்கத்தை எழுதிவிட்டார். நான் இதைச் சுட்டவன் அல்லன், இரும்பு கடைபவன். பிரித்த படங்களையும் தொழில்நுட்பக் குறிப்புகளையும் பார்த்து எனக்கு ஏற்பட்ட வியப்பை மட்டும் எழுதுகிறேன்.

ரிவோல்வரில் குழல் ஒன்று, அறைகள் ஆறு. ஆறு அறைகளில் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது குழலின் துளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். சிலிண்டரின் பின்புறத்தில் நட்சத்திர வடிவில் ஆறு பற்கள் உள்ளன. குதிரையை, அதாவது ரவையை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலை, இழுக்கும்போது ஒரு சிறிய நெம்பு எழுந்து அந்தப் பல்லைத் தள்ளிச் சிலிண்டரைச் சுழற்றுகிறது. குதிரை முழுமையாகப் பின்னே போய்த் தங்குவதற்குள், கீழேயிருந்து ஒரு பூட்டு எழுந்து சிலிண்டரின் பள்ளத்தில் விழ வேண்டும். பூட்டு பிந்தினால் சன்னம் குழலின் வாயில் உரசி ஈயம் சிதறும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் விடும் இடைவெளி 0.1 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை. அதிலும் குறைந்தால் புகைக்கரி படிந்து சிலிண்டர் இறுகும், கூடினால் வாயு வீணாகும். இந்த அளவுகளைக் கணினி பார்க்காத காலத்தில், தொழிற்சாலையில் ஆட்கள் இருந்து அரத்தால் தேய்த்து, பொருத்தி, கழற்றி, மறுபடி தேய்த்துப் பொருத்தினார்கள். பழைய உருப்படிகளைத் தேடுபவர்கள் அந்தக் கைவேலைக்குத்தான் விலை கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விசையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. குதிரையைக் கட்டைவிரலால் பின்னே இழுத்து வைத்துவிட்டால், விசையின் நுனி குதிரையின் அடியில் உள்ள ஒரு மெல்லிய படியில் தொற்றிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் விரலின் சிறு அழுத்தமே போதும்; விசை நகர்ந்ததாகவே தெரியாமல் குதிரை விழுந்துவிடும். போருக்குப் பின் வந்தவற்றில் குதிரை பயணிக்கும் தூரத்தையும் குறைத்தார்கள். விரல் அழுத்துவதற்கும் வெடிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் குறைந்தால், அந்த நேரத்தில் கை அசையும் வாய்ப்பும் குறைகிறது. பிடிக்குள்ளே இருக்கும் பிரதான வில் தட்டையான ஒரு தகடுதான். பிடியின் முன்பக்கத்தில் உள்ள ஒரே திருகாணி அதன் இறுக்கத்தைத் தாங்குகிறது.

உள்ளே பார்ப்பதற்குப் பக்கத்தகட்டைக் கழற்ற வேண்டும். திருகாணிகளை எடுத்த பிறகும் தகடு எழும்பாது. இணைப்பு அவ்வளவு நெருக்கம். திருகாணி முடுக்கியை விட்டு நெம்புபவர் விளிம்பைக் கெடுத்துவிடுவார். சட்டத்தின் பிடிப்பகுதியை ஒரு சுத்தியலின் மரக்காம்பால் மெல்லத் தட்டத் தட்ட, தகடு தானாகவே எழும்பி வரும். காணொளியில் இதைக் கண்டபோது, எவ்வளவு நுட்பமாகக் கடைந்திருக்கிறார்கள் என்று எங்கள் பட்டறைப் பெடியன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நடுத்தர அளவு என்பதற்கு எல்லையும் உண்டு. 1955 இல் இதே கே சட்டத்தில், .38 ஐவிட மிக வேகமான .357 மெக்னம் ரவைக்கென ‘கொம்பட் மெக்னம்’ என்ற வகையை வெளியிட்டார்கள். சட்டம் சிறியது என்பதால் குழலின் பின்முனையின் அடிப்பகுதியைச் சற்றுத் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. எடை குறைந்த, வேகமான சன்னங்களைத் தொடர்ந்து சுட்டவர்களுக்கு அந்த மெல்லிய இடத்தில் வெடிப்பு விழுந்தது. பிறகு 1980களின் தொடக்கத்தில் எல் என்ற சற்றுப் பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மாமாவிடம் இருக்கும் .38 க்கு அந்தக் கவலை இல்லை. சட்டமும் ரவையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தவை.

முருங்கன்வாத்தியார் எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஆயினும் கேட்டவர் மயக்கமா திறமையா என்று கேட்டிருக்கிறார், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: போட்டியில் இந்த ரிவோல்வர் தோற்றுவிட்டது.

அமெரிக்காவில் இது எந்தப் போட்டிக்காகப் பிறந்ததோ, அந்தப் போட்டியின் விதிகளைப் பாருங்கள். ஒற்றைக் கையால் சுட வேண்டும். 50 யார் தூரத்தில் பத்து ரவைகளுக்குப் பத்து நிமிடங்கள். அங்கே ரிவோல்வர் யாருக்கும் சளைக்காது. ஆனால் 25 யாரில் ஐந்து ரவைகளை 20 வினாடிக்குள்ளும், பின்னர் ஐந்து ரவைகளை 10 வினாடிக்குள்ளும் சுட வேண்டும். ஒவ்வொரு ரவைக்கும் கட்டைவிரலைப் பிடியிலிருந்து எடுத்து, குதிரையை இழுத்து வைத்து, மறுபடி பிடித்து, குறியைத் தேடிப் பிடிக்க இரண்டு வினாடிதான் இருக்கிறது. தானியங்கிப் பிஸ்டல் வைத்திருப்பவருக்குக் கையை மாற்றவே தேவையில்லை. இதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதுபோல, 1957 இல் .22 க்கு மொடல் 41 என்ற பிஸ்டலையும், 1961 இல் .38 க்கு மொடல் 52 என்ற பிஸ்டலையும் வெளியிட்டது. மொடல் 52 எந்த ரவையைச் சுடுகிறது தெரியுமா? மாங்குளத்தார் வர்ணித்த அதே தட்டைமூக்கு ரவையை, ஐந்து மட்டும். அதன் பிறகு போட்டிக்காரர்கள் ரிவோல்வரை விட்டு நகர்ந்தார்கள். மொடல் 14 இன் உற்பத்தியும் 1980களின் தொடக்கத்தில் நின்றது. 1991 இல் அடிக்கனம் கூட்டிய குழலோடு மீண்டும் கொண்டுவந்தார்கள். அது வேறு கதை.

எங்கள் வீதிகளில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை இன்றும் துடைத்து வைத்திருப்பவர்கள் அது புதிய சைக்கிளை முந்தும் என்பதற்காக வைத்திருக்கவில்லை. கேட்டால் மட்டும் “அந்த இரும்பு இப்போது வராது” என்பார்கள். ரிவோல்வர்காரர்களின் பேச்சிலும் எனக்கு அதே வாசனைதான் வருகிறது. விருப்பம் இருக்கட்டும், தவறில்லை. அதைத் துல்லியம் என்று பெயர் மாற்றி விற்கக்கூடாது.

மாங்குளத்தான் மறுபடி எழுதியது:

வாத்தியார் எழுதிய வரலாற்றில் எனக்கு மறுப்பு எதுவுமில்லை. ஒற்றைக் கையால் வேகமாகச் சுடும் போட்டியில் ரிவோல்வர் பின்தங்கியது உண்மை. அதற்காகவே சிலர் விசையால் குதிரையை இழுக்கும் வசதியே இல்லாத வகையைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கிப் பார்த்தார்கள். கட்டைவிரலின் வேலை அப்படியேதான் இருந்தது. ஆனால் ‘தோற்றுவிட்டது’ என்பதை ஒரு போட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் காவல்துறையினர் இரண்டு கைகளால், குதிரையைத் தொடாமல் விசையை மட்டும் நீளமாக இழுத்துச் சுடும் போட்டியில், இதே கே சட்டத்தில் தடித்த குழலைப் பூட்டிய ரிவோல்வர்கள் பிற்காலத்திலும் கோலோச்சின. சர்வதேச 25 மீற்றர் மையவெடிப் போட்டி (அடியின் நடுவில் தட்டினால் வெடிக்கும் ரவைகளுக்கானது) ஒலிம்பிக்கில் இல்லாவிட்டாலும் உலகப் போட்டிகளில் உண்டு. அங்கே குழல் 153 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது, எடை 1400 கிராமுக்கு மேற்படக்கூடாது, விசையின் கனம் 1000 கிராமுக்குக் குறையக்கூடாது. ஆறங்குலம் என்பது 152.4 மில்லிமீற்றர். விதிக்குள் நிற்கிறது, வெல்கிறதா என்று கேட்டால்,.32 பிஸ்டல்களே அங்கே வெல்கின்றன.

மயக்கம் என்ற சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. புதிதாகச் சுடப் பழகுபவரின் பெரிய குறை, வெடிப்பதற்குச் சற்று முன்பே உடம்பு அதை எதிர்பார்த்துக் கையைக் கீழே தள்ளிவிடுவது. வெடிச்சத்தமும் உதைப்பும் அதை மூடி மறைத்துவிடுவதால் செய்பவருக்குத் தெரியாது. ரிவோல்வரில் நான்கு அறைகளுக்கு ரவையும் இரண்டுக்கு வெற்றுக் கோதும் இட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடி அவர் கையில் கொடுத்துவிடலாம். எந்த அறை வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. வெற்றுக் கோதில் குதிரை ‘டக்’ என்று விழும்போது குழலின் நுனி ஒரு சாண் கீழே பாய்வதை அவரும் பார்ப்பார், பின்னால் நிற்பவரும் பார்ப்பார். பிஸ்டலிலும் பொய் ரவை போட்டு இதைச் செய்யலாம். ஆனால் அது வந்ததும் பயிற்சி நின்றுவிடும், கையால் இழுத்து வெளியேற்ற வேண்டும். ரிவோல்வரில் அடுத்த அறைக்கு அப்படியே போய்விடலாம். எங்கள் கழகத்தில் இளைஞர்கள் பழைய ரிவோல்வரைக் கேட்டு வாங்குவதற்கு இது ஒரு காரணம். ஒரு மாதம் இதில் பழகியவர்கள் தங்கள் பிஸ்டலிலும் நன்றாகச் சுடுகிறார்கள்.

கோல்ட் நிறுவனத்தின் பைதன் என்ற ரிவோல்வரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி எழுதிவிடுகிறேன், எப்படியும் யாராவது அதை இழுப்பார்கள். 1955 இல் வந்தது. அழகும் மெருகும் அதற்குத்தான் கூட. அதன் சிலிண்டர் வலஞ்சுழியாகச் சுழலும், ஸ்மித்தின் சிலிண்டர் இடஞ்சுழியாகச் சுழலும். என் கைக்குப் பைதன் கனம்.

பரந்தன்சந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாத்தியார் சொன்னதையும் சேர்த்து மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். வாத்தியாருக்கு அவர் தனியாகப் பதில் எழுதுவாராம், பயந்துகொள்ளுங்கள்.

இரண்டு சிறிய கேள்விகள். அவர் இனி இதை யாருக்கும் கொடுக்க முடியாது என்று சொன்னார். அது மனமில்லாமல் சொன்னதா, சட்டமா? மற்றது, இங்கே தோல்வேலை செய்யும் ஒருவரிடம் அதற்கு ஓர் உறை தைத்து அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறேன். அளவை எங்கிருந்து எங்கு எடுப்பது?

மாங்குளத்தான் எழுதியது:

சட்டம்தான், தம்பி. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனியாட்களுக்கிடையே கைத்துப்பாக்கியை விற்பதும் வாங்குவதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டுள்ளன. 2023 டிசம்பரில் அது சட்டமாகவே நிறைவேறியது. விதிவிலக்குகள் மிகச் சில. ஏற்கனவே பதிவு செய்து வைத்திருப்பவர் தொடர்ந்து வைத்திருக்கலாம், கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சுடலாம். மகனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

உறை வேண்டாம். கழகத்துக்குக் கொண்டுபோகும்போது ரவை இல்லாமல், விசைக்குப் பூட்டுப் போட்டு, வெளியே தெரியாத பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் பூட்ட வேண்டும் என்பது இங்குள்ள விதி, உறைக்கு வேலையில்லை. வீட்டில் தோலுறைக்குள் வைத்திருந்தாலோ, தோல் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதாலும் பதனிட்ட உப்புகள் அதில் இருப்பதாலும் அந்த நீல மெருகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிடும். தோல்வேலைக்காரரிடம் ஏதாவது செய்விக்க விரும்பினால், மேசையில் ரிவோல்வருக்கு அடியில் விரிக்க இரண்டடிக்கு ஓரடியில் தடித்த துணிவிரிப்பு ஒன்றைத் தோல் விளிம்பு வைத்துத் தைத்து அனுப்புங்கள். சுத்தம் செய்யும்போது திருகாணிகள் உருண்டு ஓடாமல் இருக்க ஓரத்தில் ஒரு சிறிய பையும் வைக்கச் சொல்லுங்கள்.